பொறுங்க நானாவின் கப்பல் கதிரை

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டு அலுமாரி ஒரு நீல லொறியில் ஏறி, அன்புவழிபுரம் ஒழுங்கையின் முடக்கில் திரும்பி, கண்ணுக்கு மறைந்தது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அலுமாரி நின்ற இடத்துக்கு மேலேதான் எங்கள் சுவர் மணிக்கூடு தொங்குகிறது. அலுமாரியின் முடி அதன் பாதியை மறைத்தபடியே இருந்ததால், இருபது வருடங்களாக நாங்கள் கீழ்ப்பாதி நேரத்தை எட்டிப் பார்த்துத்தான் அறிந்தோம். அன்றுதான் அதன் முழு முகத்தையும் கண்டேன்.

அந்த நிமிடத்தில் நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னுடைய கெட்ட நேரங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன.

பொறுங்க நானாவின் சொல்லைக் கேட்டிருந்தால் இது நடந்திராது. திருகோணமலையில் வியாபாரம் செய்தவர்களில், தேடி வந்த வியாபாரத்தை வாசலிலேயே மறித்து, புத்தி சொல்லி, தேத்தண்ணீரும் கொடுத்துத் திருப்பி அனுப்பிய ஒரே மனிதர் அவர்தான். உலகத்திலேயே ஒரே மனிதர் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் கொழும்புக்கு அப்பால் போனதில்லை.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. கிண்ணியாக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்பார்கள். உட்துறைமுகப் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய சாமான் கடை. கப்பல் விளக்குகள், வெள்ளைக்காரன் விட்டுப்போன பீங்கான்கள், பாட்டுப் பெட்டிகள், கண்ணாடி வைத்த மேசைகள் என்று கூரை முட்ட அடுக்கியிருக்கும். விற்கவென்று ஒரு பொருளைக் கொண்டுபோனால் நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மணந்து பார்ப்பார், நகத்தால் தட்டிக் காதில் வைப்பார். கொழும்பில் இதற்கு என்ன விலை போகும், தான் என்ன விலை தருவார் என்று இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுவார். காசுக்குக் கை நீட்டினால்தான் வரும் அந்தச் சொல்:

"பொறுங்க. ஏழு நாள் கழிச்சி வாங்க."

"ஏன் நானா, காசு கையில இல்லையோ?"

"காசு இரிக்கி. வித்துப்போட்டு அழுற ஆக்களப் பார்த்துப் பார்த்து என்ட கண்ணுக்குத்தான் வருத்தம் வந்திட்டு."

கடையின் நடுவில் அவருடைய கதிரை. ஏதோ ஒரு பழைய கப்பலின் சாப்பாட்டு அறையிலிருந்து வந்த சுழல் கதிரை. புயலில் வழுக்காமலிருக்க அந்தக் காலத்தில் இப்படியான கதிரைகளைக் கப்பல் தரையோடு ஆணி போட்டுப் பூட்டிவிடுவார்களாம். நானாவும் தன் கடைச் சீமெந்துத் தரையில் நான்கு பெரிய ஆணிகளால் அதைப் பூட்டியிருந்தார். பிடிக்காத கதை யாராவது கதைத்தால் ஒரே சுழற்றுச் சுழன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கடை பூட்டியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்தக் கதிரைக்கே விலை கேட்டவர்கள் பலர். அவர்கள் எல்லோரும் நானாவின் முதுகைத்தான் பார்த்தார்கள்.

ஒருமுறை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பித்தளையில் செய்த பழைய கப்பல் திசைகாட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். விற்கப்போகும் பொருள் வடிவாக இருக்க வேண்டுமே என்று, தைப்பொங்கலுக்குக் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல, அவருடைய வீட்டுக்காரர்கள் அதைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கியிருந்தார்கள். நானா அதைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

"ஆரு சேர் இதக் குளிப்பாட்டின?"

"வைஃப்தான். நல்லா மினுங்குது, என்ன?"

"எழுபது வருசம் கடல் காத்தில ஊறின நிறம் சேர். ஒரு உருண்டைப் புளியால அழிச்சிப்போட்டீங்களே! இனி இத ஆருக்குக் காட்டினாலும் போன மாசம் செஞ்சது எண்டுதானே சொல்லுவான்!"

"அப்ப என்ன செய்யிறது?"

"வீட்ட கொண்டுபோய் வாசல் முத்தத்தில வைங்க. எழுபது வருசம் கழிச்சி வாங்க."

சொல்லிவிட்டுச் சுழன்றுவிட்டார்.

இன்னொரு முறை மூதூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் ஒற்றைக் கப்பல் விளக்கோடு வந்தார். அது சோடியாக இருந்தது. மற்ற விளக்கு அண்ணன் வீட்டில். இரண்டு பேருக்கும் காணிச் சண்டை, பேச்சு வார்த்தை இல்லை. சோடியைப் பிரித்து வாங்குவதில்லை என்று நானா சொல்லிவிட்டார். சோடிக்குச் சொன்ன விலை, ஒற்றை விளக்குக்குக் கொழும்பில் போகும் விலையைப்போல நாலு மடங்கு. அந்த விலை மனிதரைக் கொண்டுபோய் அண்ணன் வாசலில் நிறுத்தியது. அடுத்த கிழமை இரண்டு சகோதரர்களும் இரண்டு விளக்குகளோடு ஒரே மோட்டார் சைக்கிளில் கடைக்கு வந்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள். தகப்பனாரைப் பற்றிக் கதைத்துச் சிரித்தார்கள். பிறகு விளக்குகளைத் தூக்கிக்கொண்டு ஒன்றாகவே திரும்பிப் போய்விட்டார்கள். "நல்ல ஏவாரம்" என்று நானா தொடையில் தட்டினார். அவருக்கு அதில் போனது நான்கு கோப்பைத் தேத்தண்ணீர்.

எல்லாவற்றையும்விடப் பெரியது அவருடைய பங்குச் சட்டம். பரம்பரைச் சாமானை விற்க வருகிறவர், அதில் பங்கு உள்ள எல்லோரிடமும் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. கடையில் வைத்தே போன் போட வேண்டும். ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் கந்தோரில், என் பக்கத்து மேசைப் பெண் ஒருவர் தாயாரின் தையல் மெசினை விற்கப்போய் இந்தச் சட்டத்தில் மாட்டினார். சகோதரங்கள் கனடாவில் ஒருவர், பாரிஸில் ஒருவர், மெல்பேர்னில் ஒருவர். வட்ஸ்அப்பில் எல்லோரையும் ஒன்றாக அழைத்து, போனை ஒரு பித்தளைச் செம்பில் சாத்தி வைத்து, நானா கதிரையிலிருந்து கூட்டம் நடத்தினார்.

"கனடாத் தங்கச்சி, ஒங்களுக்கு இது வேணுமா?"

"எனக்கு ஏன் ஐயா தையல் மெசின்? இஞ்ச நல்ல நித்திரையில இருந்தனான்."

"அப்ப பாரிஸ்?"

"கனடா அக்காவுக்கு வேண்டாமெண்டா அது எனக்குத்தான்! அம்மா எனக்குத்தான் சட்டை தைச்சவ!"

"ஆர் சொன்னது? எனக்கும் தைச்சவ!" என்று கனடா முழுதாக விழித்துக்கொண்டது.

மெல்பேர்ன் அழுதது. "ஒவ்வொருத்தராக் கதைங்க, ஒவ்வொருத்தராக் கதைங்க" என்று நானா சுழன்று சுழன்று கத்தினார். கடைசியில், மெசின் எங்கேயும் போகக்கூடாது, வீட்டிலேயே நிற்கட்டும், ஊரில் இருக்கும் அக்காவுக்குத் தேவையானதை நாங்கள் பார்க்கிறோம் என்று மூன்று நாடுகளும் ஒருமனதாகத் தீர்மானித்தன. பக்கத்து மேசைக்காரி இன்றைக்கும் நானாவின் பெயரைக் கேட்டால் சிரிக்கிறார். நானாவுக்கு அன்றும் வியாபாரம் இல்லை.

இப்படி இருந்தால் எப்படிப் பிழைத்தார் என்று கேட்பீர்கள். ஏழு நாள் கழித்தும் சிலர் வரத்தான் செய்தார்கள். அவர்கள் மனத் தெளிவோடு விற்றார்கள், அவரும் நல்ல விலை கொடுத்தார். அந்தச் சிலரோடு அவர் வாழ்ந்தார்.

நான் அந்தச் சிலரில் ஒருவனாக இருந்திருக்கலாம். என் மகள் ஆரணிக்கு ஜப்பானில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை கொழும்பில் கடைசி நேர்முகம். அசல் பத்திரங்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தத் தடித்த எழுத்தை நான் ஒரு நாளைக்கு நான்கு தரம் வாசித்தேன். பயணச் செலவுக்குக் கொஞ்சம் குறைந்தது. வீட்டில் அப்பப்பா காலத்துச் சாய்மனைக் கதிரைகள் இரண்டு இருந்தன. புதன்கிழமை அவற்றின் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு நானாவிடம் போனேன்.

"நல்ல கதிரை. பொறுங்க. பங்கு ஆருக்கெல்லாம்?"

"லண்டனில தங்கச்சி ஒராள்."

"எடுங்க போன."

தங்கச்சியோடு கதைத்தால் முதல் அரை மணித்தியாலம் என் உடம்பு மெலிந்தது பற்றியும் அடுத்த அரை மணித்தியாலம் அவளுடைய முழங்கால் பற்றியும் போகும். பிறகு கதிரை பற்றி அழுகை வரும். எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. "பிறகு வாறன் நானா" என்று வந்துவிட்டேன். பேஸ்புக்கில் "பழைய சாமான், உடன் காசு" என்று ஒரு விளம்பரம் கிடந்தது. அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். சனிக்கிழமை காலையே வருவதாகச் சொன்னார்கள்.

இங்கே எங்கள் ஊர்ப் பை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் எங்கள் வயதுக்காரர்களின் வீடுகளில் ஒரு பை இருக்கும். பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், பாஸ்போட் எல்லாம் அதற்குள். இரவோ பகலோ ஓட வேண்டி வந்தால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஓடிய காலம் போய்விட்டது, பை போகவில்லை. எங்களுடைய பை, வழக்கமாகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வீட்டுக்குள் அந்நியர்கள் வரப்போகிறார்கள் என்று சனிக்கிழமை காலை என் மனைவி சாந்திக்குப் பயம் வந்திருக்கிறது. பையைக் கழற்றி, உலகத்திலேயே பாதுகாப்பான இடத்தில் ஒளித்து வைத்தாள். அலுமாரியின் அடித்தட்டுக்குக் கீழே, வெளியில் தெரியாத ஒரு லாச்சி, அதாவது இழுப்பறை, உண்டு. அதற்குள்.

எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னால் நான் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்பேன், வந்தவர்களுக்கு இடம் தெரிந்துவிடும் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை.

லொறிக்காரர் நல்ல சிரித்த முகம். ஐயா, ஐயா என்று கதைத்தார். கதிரைகளைத் தடவித் தடவிப் புகழ்ந்தார். தேத்தண்ணீருக்குப் பால்மா இல்லையென்று சாந்தி பக்கத்து வீட்டுக்குப் போனாள். பழைய சாமான்காரனுக்கும் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப எங்களுக்கு ஏலாது.

"அருமையான கதிரையள் ஐயா. இதைச் சும்மா ஏத்தினால் பிரம்பு கிழியும். வாற கிழமை வந்து பக்குவமா எடுக்கிறன்" என்றார். முகம் வாடிய என்னைப் பார்த்து, போகிற போக்கில் அலுமாரியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "இது உளுத்துப்போச்சுப் போல. சும்மா இடத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது. வேணுமெண்டா இதை இண்டைக்கே அப்புறப்படுத்தித் தாறன். சும்மா இல்லை ஐயா, காசு தருவன்."

அந்த அலுமாரிக்கு என் மனத்தில் விலையே இருக்கவில்லை. பச்சை எனாமல் பூசி, ஒரு கதவு இழுபட்டு நின்ற சாமான். ஆகவே அவர் சொன்ன தொகை எனக்குப் பெரிதாகப் பட்டது. பயணத்துக்குக் குறைந்தது அதோடு சரி. உடுப்புகளை அள்ளிக் கட்டிலில் போட்டேன். மூன்று பேராகத் தூக்கினார்கள். ஒன்பது இருபத்தைந்து.

சாந்தி பால்மாவோடு வந்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அலுமாரி எங்க?"

"வித்தாச்சு! கதிரையும் கையில இருக்கு, காசும் கையில இருக்கு. எப்பிடி?"

பால்மா பைக்கற் கீழே விழுந்தது. அவள் பையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒழுங்கை முடக்கு மட்டும் ஓடிவிட்டேன். லொறி இல்லை. இலக்கத்துக்கு எடுத்தால், நீங்கள் அழைக்கும் இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழிகளிலும் மரியாதையாகச் சொன்னாள்.

"ஆரணிக்கு எடுத்துச் சொல்லுவமே?" என்று சாந்தி அழுதாள். மகள் அன்று ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போயிருந்தாள்.

"நீர் பேசாமல் இரும். பிள்ளைக்கு ஒண்டும் தெரியக்கூடாது. நேர்முகத்துக்கு முதல் மனம் உடைஞ்சுபோகும்."

பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையைக் காப்பாற்றுவது என்று பெற்றோராகிய நாங்கள் அவ்விடத்திலேயே முடிவெடுத்தோம். நான் உட்துறைமுகத்துக்கு ஓடினேன்.

நானாவின் கடைக்குள் நான் போய் விழுந்தபோது அவர் ஒரு விளக்குத் திரியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"நானா, அலுமாரி போட்டுது! பிள்ளையின்ர எதிர்காலம் போட்டுது!"

"செத்த வீட்டுக்கு வந்த மாதிரிக் கத்தாதீங்க தம்பி. இரிங்க. எந்த அலுமாரி?"

நடந்ததைச் சொன்னேன். சுழன்று சுவரைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். சுழலவில்லை.

"அவன் கதிர பார்க்க வரல்ல தம்பி. வாசப்படி ஏறக்குள்ளயே அலுமாரியக் கண்டிருப்பான். வேணாத சாமானத்தான் ஏவாரி புகழுவான். வேணுமான சாமானக் காலால தட்டுவான். என்ன மரம்?"

"தெரியாது. பச்சை."

"பச்சை எண்டு ஒரு மரமா? முதிரையா இரிக்கும். சரி, எத்தின கயிறு போட்டுக் கட்டினான்?"

"ஒண்டு."

"கண்ணாடியக் கழட்டினானா?"

"இல்லை."

"சாக்கு ஏதும் சுத்தினானா?"

"உடுத்துக் கழிச்ச பழைய சாரம் ஒண்டு."

"அப்ப கொழும்புக்கு இல்ல. ஒரு கயித்தில கட்டினவன் நிலாவெளிக்கு அங்கால போக மாட்டான். அங்க கடற்கரையில புதுசா ஒரு ஹோட்டல் எழும்புது. மொதலாளி பழைய சாமான் சேர்க்கிறார். என்ட கதிரைய மூணு தரம் கேட்டு ஆள் அனுப்பினவர்."

"பொலிசுக்குப் போவமே நானா?"

"போய் என்ன சொல்ற? காசு வாங்கிப்போட்டுச் சாமானக் குடுத்தன், அவன் கொண்டுபோயிட்டான் எண்டா?"

நான் ஓட்டோ பிடிக்க ஓடினேன். நானா மறித்தார். "அலுமாரிய ஓட்டோவில எங்க வெச்சிக் கொண்டுவாற?" பின் வளவிலிருந்து அவருடைய லாண்ட்மாஸ்டர் வெளியே வந்தது. உழவு மெசினில் பாதி அளவு, நீண்ட கைபிடி, பின்னால் ஒரு பெட்டி. நானா ஓட்ட, நான் பெட்டிக்குள் நின்றேன். உப்புவெளிக்குப் போவதற்குள் இரண்டு சைக்கிள்கள் எங்களை முந்தின. வீதியோரம் கடதாசி தின்றுகொண்டிருந்த எங்கள் ஊர்த் தெரு மான்களில் ஒன்று தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தின்னத் தொடங்கியது.

"கொஞ்சம் கெதியா விடுங்கோ நானா!"

"இதுதான் கெதி."

சாம்பல்தீவுக்குக் கிட்ட ஒரு மீன்காரர் சைக்கிளில் எங்களுக்குப் பக்கமாக வந்து, "சூடை! சூடை!" என்று கூவினார். அந்த நேரம் பார்த்து ஆரணியிடமிருந்து அழைப்பு.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்?"

"மீன் சந்தையில பிள்ளை. சூடை மலிவு."

"சந்தையில ஏன் உழவு மெசின் சத்தம்?"

"அது… ஐஸ் அரைக்கினம்."

"சரி, நான் ஒரு விசயம் சொல்லத்தான் எடுத்தனான். காலமை நான் வெளிக்கிடேக்க—"

"பிறகு பிள்ளை, பிறகு! மீன்காரர் பார்த்துக்கொண்டு நிக்கிறார்!"

வைத்துவிட்டேன். மீன்காரர் உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நானா கணித்தது அச்சொட்டாகச் சரி. ஹோட்டல் முன்மண்டபத்தில் எங்கள் அலுமாரி நின்றது. அரத்தாளோடு இரண்டு பேர் பச்சையைச் சுரண்ட ஆயத்தமாக இருந்தார்கள். "கை வெக்காதீங்க!" என்று நானா போட்ட சத்தத்தில் ஒருவர் தாளைக் கீழே போட்டுவிட்டார். கழுத்துப்பட்டி கட்டிய முகாமையாளர் ஓடிவந்தார். இளம் வயது, மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ். நான் கும்பிட்டேன். பத்திரத்தைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன், ஜப்பானைச் சொன்னேன். திறந்து பார்க்க விட்டார்.

சாந்தியைப் போனில் எடுத்தேன். அடித்தட்டைத் தூக்கி, இடது பக்கம் தள்ளி, உள்ளே விரலை விட்டு இழுக்க வேண்டுமாம். தூக்கினேன், தள்ளினேன், இழுத்தேன். லாச்சி அசையவில்லை. லொறிக் குலுக்கலில் இறுகிவிட்டது.

"உடைக்கத்தான் வேணும்" என்றேன்.

"உடைக்க ஏலாது ஐயா" என்றார் முகாமையாளர். "காசு குடுத்து வாங்கின ஹோட்டல் சாமான். முதலாளி செவ்வாய்க்கிழமைதான் வாறார், போன்ல கேட்டாலும் உடைக்க விடமாட்டார். அவர்ட சொல் இல்லாம நான் விட்டா என்ட வேலை போயிரும்."

"செவ்வாயா? திங்கள் எல்லாம் முடிஞ்சிடும் தம்பி!"

வாங்கின காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். லொறிக்காரர் இங்கே விற்ற விலையை முகாமையாளர் சொன்னதும் எடுத்த காசை மடித்துத் திரும்ப வைத்தேன். என் அலுமாரி என்னைவிட வசதியான இடத்துக்குப் போயிருந்தது.

நானா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, ஒண்டு கேக்கிறன். வீட்டில எல்லாரிட்டயும் கேட்டீங்களா? பை வேற எங்கயும் போயிரிக்காதே? பிள்ளையிட்டயும் கேட்டாச்சா?"

இத்தனை வருடங்களில் யார் கடைக்குப் போனாலும் அவர் கேட்ட கேள்வி. நான் ஓர்ஸ் ஹில் கந்தோரில் முப்பது வருடம் நேர்மையாக வேலை செய்தவன். அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னேன்:

"ஓம் நானா. கேட்டாச்சு."

நானா முகாமையாளரிடம் திரும்பினார். "மொதலாளிக்கு எடுங்க. உட்துறைமுகத்துக் கதிரைக்கு இந்த அலுமாரி. சம்மதமா எண்டு கேளுங்க."

"நானா, பொறுங்கோ!" என்றேன். அந்தச் சொல்லை அவரிடம் நான் சொல்லுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. "உங்கட கதிரை… ஏழு நாள்…"

"பிள்ளைக்கு இரிக்கிறது ரெண்டு நாள். எடுங்க தம்பி போன."

முதலாளி சம்மதிக்க எடுத்த நேரம், நானா மூக்குக் கண்ணாடியைத் துடைத்த நேரம். அலுமாரி நானாவுடையதாயிற்று. திருப்புளி வாங்கி அவரே குனிந்து அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினார். லாச்சி கிறீச்சிட்டு வெளியே வந்தது.

உள்ளே இரண்டு பூச்சி உருண்டைகள். ஒரு செத்த கரப்பான். வேறொன்றும் இல்லை.

"இருக்கே? இருக்கே?" என்று போனில் சாந்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.  லொறிக்காரன் எடுத்துவிட்டானா, வழியில் விழுந்ததா, கடலா, காடா என்று மனம் திரிந்தது. அப்போது அழைப்பு மாறியது. ஆரணி. பதற்றத்தில் எந்தப் பொத்தானை அமத்தினேனோ, அவளுடைய குரல் மண்டபம் முழுவதும் கேட்டது.

"அப்பா, இன்னும் மீன் சந்தையிலயே? நான் வீட்ட வந்திட்டன். அம்மா குசினியில இருந்து அழுறா. அலுமாரி எங்க? காலமை அம்மா பையை அதுக்குள்ள ஒளிக்கிறதைக் கண்டனான். இண்டைக்கு வகுப்பில அசல் பத்திரம் எல்லாம் சரிபார்க்கிறவை எண்டு எடுத்துக்கொண்டு போனனான். போட்டோக்கொப்பியும் அடிச்சாச்சு. அதைச் சொல்லத்தான் அப்பவே எடுத்தனான், நீங்கள் சூடை எண்டியள்!"

அரத்தாள்காரர் ஒருவர் சிரித்தார். மற்றவர் அவருடைய விலாவில் இடித்தார். நான் நானாவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன். பிறகு பார்த்தேன். சுழலுவதற்குக் கதிரை இல்லாததால், அவர் நின்ற நிலையிலேயே மெதுவாகத் தானாகச் சுழன்று, எனக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நின்றார்.

அலுமாரியைப் பெட்டியில் ஏற்றினோம். இந்த முறை நான்கு கயிறு. நான் அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். சாம்பல்தீவுப் பாலம் வந்ததும் லாண்ட்மாஸ்டர் சத்தத்துக்கு மேலால் நானாவைக் கூப்பிட்டேன்.

"பொய் சொல்லிப்போட்டன் நானா. பிள்ளையிட்ட கேக்கேல்ல" என்றேன் கடைசியாக.

"வெளங்கிட்டு."

"உங்கட கதிரை…"

"கதிர இல்லாட்டி நான் நிண்டு ஏவாரம் செய்வன் தம்பி. பை உள்ள இரிந்து, நான் கதிரையக் குடுக்காம அதில இரிந்திட்டா? அப்ப எப்பிடி நிம்மதியா இரிந்திரிப்பன்?"

அலுமாரி இனி அவருடையது. நேரே கடைக்குத்தான் போகும் என்று நினைத்தேன். அவர் அன்புவழிபுரம் பக்கம் திருப்பினார். கடையில் இடமில்லையாம், எங்கள் வீட்டிலேயே நிற்கட்டுமாம். பழைய இடத்தில் நிறுத்திவிட்டு, மணிக்கூட்டை அரை அடி மேலே ஏற்றி அடிக்கச் சொன்னார். சாந்தி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். ஆரணியைப் பார்த்து, "மகள், ஒங்கட வாப்பா நல்ல மனிசன். மீன் வாங்க மட்டும் அனுப்பாதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஆட்கள் வந்து கதிரையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை ஆரணியின் நேர்முகம் நல்லபடி முடிந்தது. செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போனேன். தரையில் நான்கு ஓட்டைகள். நானா ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாடிக்கையாளர் குத்துவிளக்கைத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். பாவம் நானா, அவருக்கு முதுகு காட்ட முழு மனிதராக எழுந்து திரும்ப வேண்டியிருந்தது.

எங்கள் சாய்மனைக் கதிரைகள் இரண்டையும் அவருக்கே தருவதாகச் சொன்னேன்.

"தங்கச்சியிட்ட கேட்டீங்களா?"

அவ்விடத்திலேயே லண்டனுக்கு எடுத்தேன். என் மெலிவும் அவளுடைய முழங்காலும் முடிந்த பிறகு முழுக் கதையையும் சொன்னேன். எந்தப் பொய்யும் கலக்காமல். அவள் சிரித்தாள், அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள். "அந்த மனிசனுக்குக் குடுக்காமல் வேற ஆருக்கு அண்ணா குடுக்கப்போறாய்?" என்றாள். நானா கதிரைகளை ஏற்றுக்கொண்டார், ஏழு நாள் கழித்து. சாய்மனைக் கதிரை சுழலாது. ஆனால் அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டால் கடை பூட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆரணி விமான நிலையத்துக்கு வெளிக்கிட்ட நாளன்று மத்தியானம் வான் வாசலில் நின்றது. நான் பெட்டியை மூன்றாவது தரம் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். சாந்தி பையை ஏழாவது தரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர், அயலட்டைச் சனம் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். வான்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியபோது ஒழுங்கை முடக்கில் லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. புதுச் சாரம், புதுத் தொப்பி. நானா இறங்கி, என்னைக் கடந்து, நேரே மகளிடம் போனார். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிய தன் போன் இலக்கத்தை அவள் கையில் வைத்தார்.

"மகள், அங்க குளிராம். போய் எறங்கினதும் முதல்ல எனக்கு எடுங்க. சுகமா, சுகமில்லையா, எதெண்டாலும் எனக்குச் சொல்லுங்க. ஒங்கட வாப்பா பயந்திருவார். அவருக்கு நான் பக்கத்தில இரிந்து மெல்லமாச் சொல்லிக்கிறன்."